ஒரு நூல் குறைந்த திரி

அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் பதினேழு பேர் இருந்தோம். பிள்ளையார் நோன்புக்கு ஆளுக்கு ஒரு திரி, திரிக்கு இருபத்தொரு நூல். ஆக முந்நூற்று ஐம்பத்தேழு நூல். புது வேட்டியிலிருந்து அத்தனையையும் உருவி எண்ணித் திரிக்கும் பொறுப்பு ஒன்பது வயதில் என்னிடம் வந்தது. எண்ணிக்கையில் தவறாதவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மாலையில் அந்தத் திரியை வெல்லம் பிசைந்த மாவில் குத்தி, நெய்யில் தோய்த்து ஏற்றி, வீட்டுக்கு மூத்தவர் எடுத்துக் கொடுப்பார். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்போம். யாருக்கும் நாக்கு சுட்டதில்லை, ஒவ்வொருவரையும் கேட்டுவைத்திருக்கிறேன்.

பதினாறு திரி சரியாக வந்தது. பதினேழாவதில் இருபது நூல்தான் இருந்தது. அதற்குள் ஆத்தா, எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், வேட்டியை மடித்து உள்ளே வைத்துவிட்டார். கேட்டால் என் பெயர் கெட்டுப்போகும். ஒரு நூலை நடுவில் கடித்து இரண்டாக்கினேன். எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்று. சாமிக்கு உரியதில் எச்சில் பட்டது இரண்டாவது குற்றம்.

கடைசியில் திரித்தது தட்டில் மேலே இருந்தது. மூத்த மகனான என் அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவில் இருந்ததால் தாத்தாவான ஐயா முதல் இழையைச் சித்தப்பாவுக்குத்தான் கொடுத்தார். என்னை எப்போதும் கேலி செய்கிற சித்தப்பாவுக்கு.

“என்ன கணக்கப்பிள்ளை, என் திரி மட்டும் சீக்காளி மாதிரி இருக்கு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, சுடரை விழுங்கினார்.

உண்மையில் அன்று சீக்காளி போல இருந்தவர் அவர்தான். மத்தியானமே ஆத்தா கேட்டிருந்தார்: “என்ன தம்பி, மொகம் வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு?”

“பொங்கல் வருதுல்ல அண்ணமிண்டி? செவத்துக்கு அடிச்சவுக எனக்கும் சேத்து அடிச்சுட்டாக.” அண்ணன் மனைவியிடம் அவர் ஒரு நாளும் நேராகப் பதில் சொன்னதில்லை.

இழை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் இருக்காது. எழுந்தவர் தூணைப் பிடித்தார், பிடி நழுவி விழுந்தார். மார்கழிக் குளிரில் நெற்றி வியர்த்திருந்தது. “பகல் பூரா பட்டினி, அதான் மயக்கம். நிமித்தி உக்கார வையுங்க, சூடாப் பால் கொண்டாங்க” என்றார் ஐயா. தூணோடு சாய்த்து உட்கார வைத்தார்கள். தலை தொங்கிவிட்டது. சரிந்து தரையில் படுத்ததும் கண் திறந்தார். மறுபடி உட்கார வைத்தார்கள், மறுபடி தொங்கியது. மூன்று முறை இப்படி. மூன்றையும் எண்ணிக்கொண்டு நின்றேனே தவிர, படுத்தால் கண் திறக்கிறார் என்று சொல்லத் தோன்றவில்லை. எனக்குக் காரணம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒரு நூல் குறைந்த திரி உள்ளே போயிருக்கிறது.

இரண்டு தெரு தள்ளியிருந்த டாக்டர் வந்தார். “யாரு இவரை உக்கார வச்சது? படுக்கப் போடுங்க” என்று அதட்டி, சாப்பிட உட்காரும் மணை இரண்டை அடுக்கிக் கால்களை அதன்மேல் தூக்கி வைத்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்து நானும் கூடவே எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு.

“தண்ணி கேட்டாரா?”

“ஒண்ணு ரெண்டு தடவை கேட்டாப்ல” என்றார் ஐயா.

“ஏழு செம்பு” என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “ஒண்ணுக்குப் போனாரா?”

“காலையில ஒரு தடவை. அப்பறம் கொல்லைப்பக்கமே போகலை.”

“இதையெல்லாமாடா எண்ணுவே?” என்றார் ஆத்தா.

“மாத்திரை ஏதும் சாப்பிடுறாரா?”

“பல்வலிக்கு. பன்னெண்டு நாளா, நாளைக்கு மூணு. முப்பத்தாறு.”

டாக்டர் குனிந்து சித்தப்பாவிடம் மெல்லக் கேட்டார்: “வெளிக்குப் போறது கறுப்பா இருந்துச்சா?”

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். “நாலு நாளாத் தாரு மாதிரி. நோன்பு வீட்டுல இதைப் போயி யாருகிட்டச் சொல்றது?”

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். “பிரஷர் எப்படி இருக்கு டாக்டர்?” என்றார் ஐயா.

“நூத்திப்பத்து. சரியாத்தான் இருக்கு.”

“அப்பாடா.”

“அதான் பயமா இருக்கு. காரை எடுக்கச் சொல்லுங்க.”

சரியாக இருப்பதற்குப் பயப்படுகிற டாக்டரை நம்பிச் சித்தப்பாவை அனுப்பப் போகிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது. “டாக்டர், நூல் ஒண்ணு குறைஞ்சுபோச்சு, நான்தான்…” என்று ஆரம்பித்தேன். “தள்ளு தம்பி” என்றார்.

உள்ளே ஓடி வேட்டியை எடுத்து ஒரு நூலை உருவினேன். காரில் கிடத்தியிருந்த சித்தப்பாவின் கையில் வைத்தேன். விரல்கள் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தன. அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரல்களை மூடிக்கொண்டார். “இப்பக் கணக்கு சரியா?” என்றார்.

மதுரையில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பல்வலி மாத்திரை கிளப்பிவிட்ட வயிற்றுப்புண்ணிலிருந்து நாலு நாளாக உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. பதினோராம் நாள் திரும்பி வந்தார். அதன்பின் ஐம்பத்து மூன்று மார்கழி என்னைக் கேலி செய்தார். ரத்தம் காப்பாற்றியதாக ஊர் சொன்னது. நூல்தான் என்று நான் வெகுநாள் நம்பினேன்.

இப்போது எனக்கே வயதாகி, காலையில் எழுந்ததும் நாடி பார்க்கிறவனாகிவிட்டேன். எழுபத்தெட்டைத் தாண்டினால் மகளுக்குப் போன் போடுவேன், அவள் திட்டுவாள். இந்தக் கவலையிலேயே நிறையப் படித்தும் விட்டேன். ரத்தம் குறையும்போது உடம்பு அதை வெளியே காட்டிக்கொள்வதில்லை. இதயத்தை விரட்டி ஓட்டும். கைகால்களுக்குப் போகிற குழாய்களைச் சுருக்கி, தோலைக் குளிரவிட்டு, சிறுநீரகத்துக்குப் போவதையும் நிறுத்தி வைத்து, மிச்சத்தையெல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். அளந்து பார்க்கிறவருக்கு நூற்றுப்பத்து என்றே காட்டும். காட்ட முடிகிற வரைக்கும் காட்டும். முடியாமல் போகிற இடத்தில் எண் மளமளவென்று விழும். அதன்பின் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் திரும்புவது அரிது.

பெரியவர்களுக்கு அது புரியாததில் ஆச்சரியமில்லை. ஒன்று குறைந்ததை மறைத்து, எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்று வரும்படி செய்துவிட்டு நின்றவன் நான். டாக்டர் சொன்னது அந்த வீட்டில் ஒருவருக்குப் புரிந்திருக்க வேண்டுமானால், அது எனக்குத்தான். நான் அவரைப் பைத்தியம் என்று நினைத்தேன்.