நுனி மாறிய எட்டாம் நம்பர் கோல்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர் அவள் புருஷன்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள், சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். வந்து ஒரு வாய் சாப்பிட்டாள். மறுபடி எழுந்துபோய் அதே ஜன்னலைத் திறந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மனுஷன், "பம்பரத்தைக் கட்டிக்கிட்டு வந்துட்டேன் போல" என்றார். அன்று பிடித்த பெயர். இப்போது பேரப்பிள்ளை எடுக்கிற வயது வரப்போகிறது, பெயர் இன்னும் போகவில்லை. காலும் இன்னும் அடங்கவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் கொடுத்த வேலையைப் பாருங்கள். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. அதன் பின்னறையில் நாள் முழுக்க ஒரே முக்காலியில் உட்கார்ந்து, உடைந்த கோல்களில் தூண்டில் நூல் ஓடும் வளையங்களை நூலால் சுற்றிக் கட்டுகிற வேலை. முதலில் தையல் கூடத்தில் இருந்தாள். அங்கே மிஷினை விட்டு அடிக்கடி எழுந்தாள் என்று அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடைக்கு வந்தபோது முதலாளி ஒரு நூல் கண்டைக் கையில் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொன்னார். சுற்றினாள். அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது, விரல் ஓடுகிற நேரத்தில் தன் கால் சும்மா இருக்கும் என்று. ஒவ்வொரு சுற்றுக்கும் மனசுக்குள் கடவுள் பெயரைச் சொல்லுவாள். நூல் ஒன்றன் பக்கத்தில் ஒன்று இடைவெளி விடாமல் படுக்கும். நூல் தீர்ந்து எழுந்தால் பழைய பம்பரம்.

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் புழுவைக் கோத்துக் கரையில் தூங்குகிறவர்கள் இல்லை. இறகையும் நூலையும் கட்டிப் பொய்ப்பூச்சி செய்து, அதைத் தண்ணீர்மேல் வீசி வீசி மீனை ஏமாற்றுகிறவர்கள். பூச்சிக்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் நூலில். அந்த நூலின் கனத்துக்கு ஏற்ற கோல் வேண்டும். அதனால்தான் கோலுக்கு நம்பர் போட்டிருப்பார்கள். மரம் கவிந்த சின்ன ஓடைக்கு மூன்றாம் நம்பர், குட்டையாக, ஈர்க்குச்சி மாதிரி. நடுத்தரமான ஆற்றுக்கு ஆறாம் நம்பர். காற்றடிக்கிற ஏரிக்கும் கை நீள மீனுக்கும் எட்டாம் நம்பர். அகலமான ஆறு என்றால் இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற நெட்டைக் கோல். எது நல்ல கோல் என்று கேட்டால் போதும், கடையில் சண்டை வந்துவிடும். தபால்காரர் தன் மூன்றாம் நம்பரைப் பற்றிப் பேசுகிற அளவு பெண்டாட்டியைப் பற்றிப் பேசியதில்லை. பல் டாக்டருக்கு ஆறாம் நம்பர்தான் உலகம். உலகத்து மீனுக்கெல்லாம் அந்த ஒரு கோல் போதும் என்பார். ஆனால் மீன் உடைத்த கோலை இவர்கள் கொண்டுவந்ததைப் பம்பரம் அதிகம் பார்த்ததில்லை. கார்க் கதவு உடைத்தது, மச்சான் மிதித்தது, இப்படித்தான் வரும்.

அவளுக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அதே ஊரின் மறுகோடியில் இருக்கிறான். பேச்சு நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. காரணம் அவள் வாய். தம்பி மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், சும்மா இருக்க முடியாமல், "எங்க பொண்ணு தங்கம். கோபம் வந்தா மட்டும் வீட்ல பாத்திரம் மிஞ்சாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். கூடத்தில் அவள் ஒருத்திதான் சிரித்தாள். வந்தவர்கள் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியே அனுப்பவில்லை. அன்று தம்பி, "இனிமே என் வீட்டு நல்லது கெட்டது எதுலயும் நீ வாய் வைக்காத" என்று சொன்னான். அவளும் வைக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு வருஷமாக, அவள் சொல்கிற ஒவ்வொரு பிரார்த்தனையிலும் அந்தப் பெண்ணின் கல்யாணம் இல்லாமல் இருந்ததில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள், ஏரிப் படகுக்காரர் ஒரு துணி உறையோடு கடைக்கு வந்தார். உள்ளே தம்பியின் எட்டாம் நம்பர் கோல். நுனி வளையம் பிய்ந்திருந்தது. தம்பி மகளுக்கு மறுபடி ஒரு வரன் வந்திருக்கிறதாம். பையனின் அப்பா ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், தூண்டில் பைத்தியம். சனிக்கிழமை அவரை ஏரிக்கு அழைத்துப் போய்த் தன் நல்ல கோலைக் கையில் கொடுக்கப் போகிறானாம் தம்பி. யார் சரிசெய்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தான். யார் சரிசெய்தாலும் என்றால் என்ன அர்த்தம்? அந்த வட்டாரத்தில் இந்த வேலைக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். அதை நினைத்து நினைத்துப் பம்பரம் அன்று பின்னறைக்கும் வாசலுக்குமாக நடந்த நடைக்கு அளவே இல்லை.

வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோலை நாலு துண்டாகக் கழற்றலாம். நம்பர் எழுதியிருப்பது கைப்பிடித் துண்டில் மட்டும்தான். நுனித் துண்டில் ஒன்றும் இருக்காது. அதனால் எந்த நுனியைக் கழற்றினாலும் முதலில் அதன் அடியில் கலர் நூலில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, அதே கலர் முடிச்சை அந்த உறையிலும் போடுவாள். அப்புறம்தான் வேலை. அன்றைக்குப் பல் டாக்டருடைய ஆறாம் நம்பரும் நுனி வளையத்துக்காகவே வந்திருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கரும்பச்சை. தம்பி கோலைக் கையில் எடுத்ததும், ஆண்டவனே இந்தத் தடவையாவது கூடி வரட்டும் என்று ஆரம்பித்தவள் சுற்றிக்கொண்டே போனாள். அவ்வளவு அழகாக அவள் என்றைக்கும் சுற்றியதில்லை. முடிச்சைத்தான் மறந்துவிட்டாள். வார்னிஷ் பூசிய இரண்டு நுனிகளும் காய வைக்கிற மோட்டார்ச் சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

வெள்ளிக்கிழமை படகுக்காரர் வந்து உறையை வாங்கிப் போனார். சனிக்கிழமை காலை பல் டாக்டர் வந்தார். கோலை அங்கேயே மாட்டிப் பார்த்தார். நுனியைச் செருகி இரண்டு ஆட்டு ஆட்டினார்.

"என்னம்மா இது, ஆடுற பல்லு மாதிரி இருக்கு."

பம்பரம் வாங்கிப் பார்த்தாள். நுனியின் வாய், கோல்மேல் மாட்டுகிற அடித்துளை, பெரிதாக இருந்தது. ஆறாம் நம்பர் கோல்மேல் அது லொடலொடவென்று ஆடியது. இது தம்பியுடைய நுனி. அப்படியானால் டாக்டருடைய நுனி ஏரியில், அந்த மேற்பார்வையாளர் கையில். சின்ன வாய் பெரிய கோலைக் கொஞ்சமாகக் கவ்விக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வீசும்வரை தாங்கும். பெரிய மீன் ஒன்று கடித்து இழுத்தால் கவ்விய இடம் பிளந்து, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஒரு சில்லு அந்த மனுஷர் கண்ணில் பட்டால்? அக்கா வேண்டுமென்றே செய்தாள் என்று தம்பி நினைத்தால்? நினைக்காமல் இருப்பானா?

தம்பிக்குப் போன் போட்டாள். ஏரிக்கரையில் போன் எடுக்காது என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் போட்டாள். தம்பி மனைவிக்குப் போட்டாள். "அண்ணியா?" என்று இழுத்தாள் அவள். அவர்கள் விடிந்ததுமே கிளம்பிப் போய்விட்டார்கள் என்று சொன்னாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இவளும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், மனுஷர் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். தம்பி மகள் கல்யாணம் ஒருபக்கம், தன் ஆறாம் நம்பர் நுனி ஒருபக்கம். எது அவரைக் கிளப்பியது என்று நாம் கேட்க வேண்டாம்.

பல்லைப் பிடுங்குவதில் அவர் கை வேகம் என்று ஊரே சொல்லும். வண்டி ஓட்டுவதில் அந்த வேகம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, நின்று, எதிரே யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் திருப்புவார். ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது. பம்பரம் நுனியை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக் கைப்பிடியைப் பிடிப்பாள், விடுவாள், கண்ணாடியை இறக்குவாள், ஏற்றுவாள். இறங்கி ஓடினால் முன்னால் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. பிரார்த்தனை செய்யலாம் என்று கண்ணை மூடினால் வார்த்தை வரவில்லை. கையில் நூல் இல்லாமல் அவளுக்குக் கடவுளைக் கூப்பிடக்கூடத் தெரியவில்லை.

"நீங்க காலை அழுத்துற அழுத்துல என் வண்டி ஓட்டையாயிடும்" என்றார் டாக்டர்.

"ஓட்டையானாலும் பரவாயில்ல டாக்டர். கொஞ்சம் வேகமா ஓட்டையாகட்டும்."

ஏரிக்குப் போனபோது நல்ல காற்று. தண்ணீர் சுருக்கம் விழுந்த துணி மாதிரி அலைந்துகொண்டிருந்தது. தூரத்தில் முழங்கால் தண்ணீரில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வீசிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கல்மேல் தம்பி. தலை நரைத்திருந்தது. இரண்டு வருஷத்தில் இவ்வளவு நரையா என்று நினைத்தாள். கோலின் கடைசிப் பாகம் மட்டும் தனியாக வளைவதை அங்கிருந்தே பார்த்தாள். அவளும் டாக்டருமாகக் கல்லிலும் சேற்றிலும் இறங்கினார்கள்.

பாதி தூரம் போனதும் அவள் கால் தானாக நின்றுவிட்டது. எதிலும் வாய் வைக்காதே என்று சொன்னவன் அங்கே நிற்கிறான். பக்கத்தில் இருப்பவர் மாப்பிள்ளையின் அப்பா. இப்போது போய், உங்கள் கையில் இருப்பது தப்பான கோல், கட்டியவள் நான், என்று சொன்னால் அதுவே இந்த வரனையும் கெடுத்துவிடலாம். தம்பியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லிவிட்டால்? அதுதான் சரி என்று ஓரடி எடுத்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மீன் கடித்தது.

சாதாரண மீன் இல்லை. நூல் சுற்றிய ரீல் கத்தியது. மேற்பார்வையாளர் சந்தோஷத்தில் கோலை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். நுனி வில்லைப்போல் வளைந்து இன்னும் வளைந்தது. பம்பரம் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"கோலைத் தாழ்த்துங்க. மீன் பக்கமா நேரா நீட்டுங்க. தூக்காதீங்க ஐயா, உடைஞ்சு கண்ணுல தெறிக்கும். நூலைக் கையால பிடிங்க."

தொழிற்சாலையில் பத்துப் பேரை அதட்டுகிற மனுஷர், ஒரு பொம்பளை அதட்டியதும் அப்படியே தாழ்த்திவிட்டார். நூலைக் கையில் பிடித்தார். மீன் ஒரு உலுக்கு உலுக்கியது. நூலின் மெல்லிய முனை அறுந்து, தண்ணீரில் ஒரு முதுகு தெரிந்து மறைந்தது. நுனி உடையவில்லை. ஆனால் நீட்டிய கோலிலிருந்து அது மெதுவாகக் கழன்று, நூலில் தொங்கியது.

மேற்பார்வையாளர் தம்பியைப் பார்த்து, "நல்ல மீன். கையில வந்த மாதிரிதான். இந்தம்மா சத்தம் போடலன்னா பிடிச்சிருப்பேன். யார் இவங்க?" என்றார்.

பம்பரம் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவன் அங்கே தம்பி ஒருவன்தான். அவன் கல்லிலிருந்து இறங்கி வந்தான். தொங்கிய நுனியைப் பிடித்து அதன் வாயைப் பார்த்தான். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்திருந்தது. அவள் கையில் இருந்த நுனியைப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க அக்கா" என்றான். "இந்தக் கோலைக் கட்டினது அவதான். நுனி மாறிப் போச்சு, அதைச் சொல்ல ஓடி வந்திருக்கா. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தா இது உங்க மூஞ்சியில சிதறியிருக்கும்."

"தப்பு என்னோடதுங்க" என்றாள் அவள். "முடிச்சுப் போட மறந்துட்டேன். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

மேற்பார்வையாளர் கீறலைத் தடவிப் பார்த்தார். தன் கண்ணையும் ஒருமுறை தடவிக்கொண்டார். "அக்கா இருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று தம்பியிடம் கேட்டார்.

தம்பி சரியான நுனியை வாங்கிச் செருகினான். அது கச்சிதமாக உட்கார்ந்தது. புதுப் பூச்சி கட்டி, கோலை அவரிடம் நீட்டினான். அவர் தண்ணீருக்குத் திரும்பிப் போனபிறகு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் வெளியாள்கிட்ட உன்னைப் பத்திப் பேசறதில்ல. பேசினா கோபம் வந்துடும்."

"எனக்குத் தெரியும்டா."

"அடுத்த வாரம் அவங்க வீட்டுப் பொம்பளைங்க வராங்க. நீ வரலன்னா இவர் கேப்பார். வந்துடு. மாமாவையும் கூட்டிட்டு வா."

வரன் முடியுமா முடியாதா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது மேலே இருக்கிறவன் கையில். ஆனால் பம்பரத்துக்கு உடனே வீட்டுக்குப் போயாக வேண்டும். புருஷனிடம் சொல்ல வேண்டும், தம்பி மனைவிக்குப் போன் போட வேண்டும், கால் பறந்தது. திரும்பிப் பார்த்தால், பல் டாக்டர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். கீறல் விழுந்த நுனியையே வண்டியில் இருந்த தன் ஆறாம் நம்பரில் மாட்டி, சின்ன மீனுக்குத் தாங்கும் என்று சொல்லி வீச ஆரம்பித்துவிட்டார். கூப்பிட்டாள். இதோ ஒரே ஒரு தடவை என்றார். மறுபடி கூப்பிட்டாள். காது கேட்காத மாதிரி நின்றார்.

அவள் கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"உக்காரேன் அக்கா, எனக்குத் தலை சுத்துது" என்றான் தம்பி, தன் கல்லில் நகர்ந்து இடம் விட்டு.

அவள் உட்கார்ந்தாள். ரொம்ப நேரத்துக்கு இல்லை.