ட்ரொலிக்கு மட்டும் கையெழுத்து

விஜேந்திரன் அண்ணன் மாத்தளை டவுனில் பிறந்தவர். பார்மசி வேலையை விட்டு அம்புலன்சில் முதலுதவியாளராகச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. அவர் தினமும் சகித்துக்கொள்வதை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன்.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் விறகு வெட்டும்போது, சின்னப்பிள்ளை என்ற என் பெரியம்மாவுக்குக் காலில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. அண்ணன் வந்த அம்புலன்சில் நானும் ஏறினேன். வழியெல்லாம் பெரியம்மாவுக்கு ஒரே பேச்சு.

"தம்பி, பென்சிலின் ஊசி எனக்கு ஆகாதுங்க. போன தடவ மூச்சே நின்னுருச்சு."

"எழுதிட்டேன் பெரியம்மா. கத்திக்குப் பயப்படல, ஊசிக்கு இந்தப் பயமா?"

ஆஸ்பத்திரியில் பெரியம்மாவை அவர்களுடைய சக்கரக் கட்டிலான ட்ரொலிக்கு மாற்றினோம். ட்ரொலிகள் காணாமல் போகின்றனவாம். அதனால் வாசலில் ஒரு கொப்பி. ட்ரொலியை எடுத்தவர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். நோயாளிக்கு என்ன நடந்தது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அண்ணன் எழுதிய தாளைச் சிற்றூழியர் வாங்கி உள்ளே மேசையில் எறிந்தார். யாரோ அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்கள்.

அண்ணன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் காவலாளி வாசலிலேயே மறித்துவிட்டார். உள்ளே தாதி மிஸ் சிங்களத்தில், ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா என்று கேட்பது எனக்குக் கேட்டது. பெரியம்மாவுக்குச் சிங்களம் விளங்காது. பெரிய இடத்தில் எதைக் கேட்டாலும் தொந்தரவு கொடுக்காமல் "இல்லை" என்றுவிடுவது தோட்டத்தில் பலருக்கும் பழக்கம்.

"நே மிஸ்" என்று, தெரிந்த ஒரே சிங்களச் சொல்லில் இல்லை என்றார் பெரியம்மா.

மிஸ் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"அண்ணே, பென்சிலினோ தெரியல, ஓடுங்க!" என்று கத்தினேன்.

பேனையைப் போட்டுவிட்டு அவர் உள்ளே பாய்ந்தார். "மிஸ், பென்சிலின்னா போடாதீங்க!" என்று சிங்களத்தில் சொன்னார்.

"நோயாளியே இல்லைன்னுட்டாங்க. கொண்டுவர்றதோட உங்க வேலை முடிஞ்சுது."

அண்ணன் கோப்பையைத் தூக்கி, நனைந்த தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். மிஸ் வாசித்தார். ஊசியை மெதுவாகத் தட்டில் வைத்தார். அது பென்சிலின்தான். ஒரு மன்னிப்பு வரவில்லை.

பெரியம்மாவுக்குத் தையல் போட்டு, வேறு மருந்து கொடுத்து, மூன்றாம் நாள் அனுப்பினார்கள். அண்ணனுக்கு வந்ததோ ஆஸ்பத்திரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். சிகிச்சைக்கு இடையூறு செய்தாராம்!

"மன்னிப்புக் கேட்டு எழுதிருங்க விஜே, கரைச்சல் வேணாம்" என்றார் அம்புலன்ஸ் டிரைவர் பஸ்லி.

"நோயாளிய ஏத்துக்கிற மிஸ்ஸ ரெண்டு நிமிஷம் நின்னு நான் சொல்றதக் கேட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கன்னு எழுதுறேன். அதுவரைக்கும் உள்ள போவேன்னும் எழுதுறேன்."

அப்படியே எழுதினார். இன்னும் பதில் இல்லை. ஒவ்வொரு நோயாளியோடும் அவர் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறார்.