படுக்கவைத்து ஊட்டிய கேப்பைக் கஞ்சி

ஸ்வீடனில் குழந்தைக்கு யாரும் ஊட்டுவதில்லை. இதை நம்பவே எனக்குச் சில வாரங்கள் ஆயின. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ‘ஓப்னா ஃபோர்ஸ்கோலான்’ என்று ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. விடுப்பில் இருக்கும் அப்பா அம்மாக்கள் கைக்குழந்தைகளோடு வந்து பொழுதுபோக்கும் இடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டு, பத்துக் குழந்தைகளை உயர நாற்காலிகளில் உட்காரவைத்து, வேகவைத்த கேரட், மசித்த மீன் என்று எதையாவது முன்னால் வைத்துவிட்டு, பெற்றவர்கள் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். போய்விடுகிறார்கள் என்றால் எதிரேதான், ஒரு கை தூரத்தில். ஆனால் கை நீளாது. குழந்தை கேரட்டைக் காதில் தேய்க்கும், தலையில் வைக்கும், தரையில் போடும், மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் தின்னும். அரைமணி நேரம் கழித்து வாயைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் நாள் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இவர்கள் பெற்றவர்களா, வேடிக்கை பார்க்க வந்தவர்களா என்று கவிதாவிடம் அன்று சாயங்காலம் சத்தம் போட்டேன்.

கவிதா என் மனைவி. மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. எங்கள் மகள் ஆதிரைக்கு ஏழு மாதம் ஆனதும் அவள் வேலைக்குத் திரும்பினாள், நான் விடுப்பு எடுத்தேன். இந்த நாட்டில் அது சாதாரணம். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே இருக்கிறது. அங்கே இதைச் சொன்னபோது அண்ணன் போனிலேயே சிரித்தான். மல்லாட்டைக் கடலை பிடுங்கும் நேரத்தில் ஒருநாள் லீவு கேட்டாலே ஆள் கிடைக்காது, உனக்கு எவன்டா இதற்குச் சம்பளம் கொடுக்கிறான் என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளைக்கு மூன்று வேளை சோறு போடுவது பெரிய வித்தையா என்று நினைத்தேன்.

வித்தைதான். எட்டாவது மாதத்தில் ஆதிரையின் எடை நின்றுவிட்டது. இங்ரிட் என்ற செவிலி, குழந்தைகள் நல மையத்தில் எங்களுக்கென்று இருப்பவர், கணினியில் எடைக் கோட்டைக் காட்டினார். மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு மல்லாந்து படுத்திருந்தது. அவர் பதறவில்லை. தவழ ஆரம்பித்த குழந்தைகளுக்கு இப்படி ஆவது உண்டு, பருப்பும் முட்டையும் எண்ணெயும் சேருங்கள், அடுத்த முறை பார்ப்போம் என்றார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நாளெல்லாம் கரண்டியும் கையுமாகச் சுற்றினேன். அவள் தவழ்ந்து போன இடத்துக்கெல்லாம் நானும் தவழ்ந்தேன். ஆறு வாய் வாங்கினால் எனக்கு நல்ல நாள், இரண்டு வாய் என்றால் யாரோடும் பேசமாட்டேன். கவிதா வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அவளை ஏறெடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் கிண்ணத்தைத்தான் காட்டுவேன்.

அப்போதுதான் செல்வி அண்ணி நினைவுக்கு வந்தார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மகனுக்கு அவர் ஊட்டியதைத் தினமும் பார்த்திருக்கிறேன். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கன்னத்தையும் அழுத்திப் பிடித்து, கேப்பைக் கஞ்சியைச் சங்கில் ஊற்றுவார். பையன் கத்துவான், கஞ்சி இறங்கும். ஐந்தே நிமிடம். பையன் கொழுகொழுவென்று இருந்தான். அவ்வளவுதானே? இலங்கைத் தமிழர் கடையில் கேப்பை மாவு வாங்கிவந்தேன். கவிதா வேலைக்குப் போனதும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பத்தே நாளில் கோடு நிமிர்ந்தது. இங்ரிட்டுக்குச் சந்தோஷம். நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஒரு வாய் மிச்சம் வைப்பதில்லை என்றேன். அவளுக்கு வயிறு நிறைந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். என்ன கேள்வி இது? கிண்ணம் காலியாகிவிடும், அப்போது தெரியும் என்றேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள், எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியது ஆதிரை என்று நிதானமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நம் வளர்ப்பை இவர்களுக்குப் புரியவைக்க முடியாது என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டு, தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, கஞ்சி கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. சோம்பேறித்தனம், திரும்பக் கரைக்கவில்லை. மூன்றாவது வாய்க்கு அவள் அழுவதற்காக வாய் திறந்தாள், நான் கரண்டியைச் சாய்த்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, கை இரண்டும் விறைத்தன, உதடு நிறம் மாறியது. ஓப்னா ஃபோர்ஸ்கோலானில் ஒருநாள் பொம்மையை வைத்து முதலுதவி சொல்லிக்கொடுத்தார்கள். நான் பின்வரிசையில் நின்று கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த வகுப்பு அது. என் கை அதை எப்படியோ ஞாபகம் வைத்திருந்தது. அவளை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் அடித்தேன். நான்காவது அடியில் ஒரு கட்டி வந்து தரையில் விழுந்தது. அப்புறம் அவள் அழுதாளே, அந்த அழுகைக்கு என் உயிரையே கொடுத்திருப்பேன்.

மருத்துவரிடம் காட்டவில்லை. கவிதாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு ஆதிரை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு அவளைப் படுக்கவைத்து ஊட்டவில்லை. ஆனால் என் கை அருகில் போனாலே ஆதிரை உதட்டை இறுக்கிக்கொண்டாள். கவிதா கையில் வாங்கினாள். நாற்காலியில் உட்காரவைத்தால் தானே எடுத்துத் தின்றாள். பல் வருகிறது போலிருக்கிறது, அதனால்தான் உன்னிடம் அடம் பிடிக்கிறாள் என்று கவிதா எனக்குச் சமாதானம் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

பத்தாவது மாதத்தில் ஊருக்குப் போனோம். செல்வி அண்ணி இப்போது எங்கள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். குழந்தையை எடை போட்டுப் பார்க்கலாம் வாங்க என்று எங்கள் மூவரையும் கூட்டிப்போனார். நாலைந்து தாய்மார்கள் பிள்ளைகளோடு பாயில் இருந்தார்கள். அண்ணி கிண்டல்காரர். ஸ்வீடன்ல புள்ளைக்கு இன்னா போடறாங்கன்னு எங்க தம்பி சொல்லும், கேளுங்க என்று என்னை மாட்டிவிட்டார். நான் அசடு வழிந்துகொண்டு, நாங்களும் உங்கள் முறைதான் அண்ணி, காலில் போட்டுக் கேப்பைக் கஞ்சிதான் என்றேன். சொல்லும்போது ஊர்ப் பாசம் காட்டுவதாகத்தான் நினைப்பு.

அண்ணியின் முகம் மாறிவிட்டது.

“படுக்கவச்சா ஊட்டுன?”

“நீங்க அப்படித்தான அண்ணி ஊட்டுவீங்க. நான் பார்த்துக்கினுதான இருந்தேன்.”

“நான் அப்போ தெரியாம பண்ணேன்பா. என் புள்ள பொழச்சது என் நல்ல நேரம். ட்ரெயினிங் போயி வந்ததுலருந்து இவங்களுக்கு நான் தெனம் சொல்றதே அதான். உக்காரவச்சிக் குடு, கேப்பையோட முட்டையும் பருப்பும் குடு, வாய மூடிக்கினா வுட்டுடு. இந்த ஊர்ல இப்போ ஒருத்தரும் படுக்கவச்சி ஊட்றதில்ல.”

பாயில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிட்டேன், உதடு நிறம் மாறியது வரைக்கும். டாக்டர்கிட்ட காட்டலையா என்று அண்ணி கேட்டார். இல்லை என்றேன். கவிதா எழுந்து வந்து, என் மடியிலிருந்து ஆதிரையைத் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“கொழந்த உங்கிட்ட மட்டும் ஏன் வாங்க மாட்டேங்குதுன்னு எத்தினி நாளு யோசிச்சிருப்பேன். தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியே.”

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். நெஞ்சைச் சோதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். கவிதா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த மாதம் முழுக்க ஆதிரை ஊரில் எல்லோர் கையிலும் வாங்கினாள். அண்ணி கையில் முட்டை, பக்கத்து வீட்டில் பருப்புச் சாதம், அங்கன்வாடிப் பாயில் தானே பிசைந்து சத்துமாவு. நான் எட்டி நின்று பார்த்தேன். நம் வளர்ப்பு, நம் வளர்ப்பு என்று நான் ஸ்வீடனில் கட்டிக்கொண்டு கிடந்ததை ஊர் எப்போதோ விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. அதைச் செய்கிற கடைசி ஆள், ஊரிலேயே இல்லாத நான்தான். இதைப் படிக்கிற என் போன்றவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒருமுறை கேட்டுவிட்டாவது செய்யுங்கள்.

திரும்பும் வழியில், துபாய் விமானத்தில் என் பக்கத்தில் கோட்டக்குப்பத்து முஸ்லிம் பெண் ஒருவர். துபாயில் இருக்கும் கணவரிடம் போகிறார். கவிதா சன்னலோரம், ஆதிரை என் மடியில். அந்தப் பெண் வாழைப்பழத்தை விரலால் நசுக்கி நீட்டினார். ஆதிரை ஆவென்று வாங்கினாள். இன்னொன்று, அதையும் வாங்கினாள்.

“நீங்க குடுங்கண்ணே, அத்தா கையில இன்னும் நல்லா சாப்புடும்” என்று பழத்தை என்னிடம் கொடுத்தார்.

கவிதா திரும்பிப் பார்த்தாள். நான் சின்னதாய்க் கிள்ளி, மசித்து, மெல்ல நீட்டினேன். ஆதிரை என் விரலைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். நான் கையை இறக்கிவிட்டேன்.

“வயிறு ரொம்பிடுச்சு போல” என்றார் அந்தப் பெண்.

“ஆமாங்க, ரொம்பிடுச்சு” என்றேன்.

பழம் திரும்ப அவர் கைக்குப் போனது. ஆதிரை அந்தக் கையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.