கணக்கப்பிள்ளையின் கைக்கடிகாரம்

சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கண்டியில் வாங்கினேன். இரவு மேசையில் மல்லாக்க வைத்தால் காலையில் அது சில நிமிடங்கள் முந்தி நிற்கிறது. சின்ன வயதில் நாங்கள் இருந்த ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் முகம்தான் உடனே நினைவுக்கு வந்தது.

ஆறு மணிக்குப் பெரட்டு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் வரிசை. பிந்தி வந்தவர்களுக்கு அன்று வேலை கிடையாது. ஒரு காலை அம்மாவை அவர் அப்படித் திருப்பி அனுப்பினார். பக்கத்து லயத்து வீட்டு ரேடியோவில் ஆறு மணிச் செய்தி இன்னும் தொடங்கவில்லை.

"வேணும்னே முள்ளைத் திருப்பி வைக்கிறீங்க ஐயா" என்றாள் அம்மா, எல்லார் முன்னாலும்.

அவர் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். "தினம் சாயந்தரம் ரேடியோவைக் கேட்டுத்தான் முள்ளு வைக்கிறேன். சந்தேகம்னா நீயே கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டு."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கடிகாரக் கடைக்காரர் காலையில் வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் சொன்னார்:

"யாரும் திருப்பல்ல தங்கச்சி. படுக்க வச்சா முந்துது, நிமித்தி வச்சா சரியா ஓடுது. ராவைக்கு நிமித்தி வைக்கச் சொல்லுங்க. சாவியும் தினம் ஒரே நேரத்துல குடுக்கணும்."

கணக்கப்பிள்ளை அப்படியே செய்தார். பெரட்டும் நேரத்துக்கு நடந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கும்படி எல்லாரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை.

"தினம் ரேடியோவைக் கேட்டுச் சரி பண்றவருக்கு, அது முந்துறது மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றாள் என்னிடம்.

இன்று நான் வேலை செய்யும் கந்தோரில் வருகை பதியும் கைரேகை இயந்திரம் நான் பிந்திவிட்டதாகக் காட்டினால், முதலில் கைத்தொலைபேசியை எடுத்து நேரம் பார்க்கிறேன்.