என் இமை நீண்டபோது

முதலில் மூக்குக்கண்ணாடியில்தான் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டினால் இமைமுடி கண்ணாடியில் உரசியது. இந்த வயதில் இப்படி. எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் செண்பகம், என் கொழுந்தன் பெண்டாட்டி. தி.நகரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே ஜவுளிக்கடை; ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரே வீடு. அவள் வந்த நாளிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அவள் கண்ணைத்தான் சொன்னார்கள். என்னிடம் சமையலைச் சொன்னார்கள்.

இப்போது கபாலீஸ்வரர் கோயிலில் பார்த்தவர்கள் என்னிடம் கேட்டார்கள், என்ன மை போடுகிறீர்கள் என்று. விளக்கெண்ணெய்த் திரியில் கரி பிடித்து நானே செய்யும் மைதான். செண்பகமும் ஒரு சிமிழ் கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன்.

காலையில் விரலை மடக்க முடியவில்லை. வெயில் பட்டால் கன்னம் சிவந்து எரிந்தது. தலைமுடி கொத்தாகக் கொட்டியது. இமை மட்டும் வளர்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் முதலில் மையைத்தான் நிறுத்தச் சொல்வார் என்று பயம்.

ஒரு மத்தியானம் செண்பகம் என் மைச் சிமிழைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாம ரெண்டு மாசமா நானும் இதத்தான் போடுதேன்க்கா. எனக்கு ஒரு முடி வளரல. அப்ப இது மை இல்ல. உங்க உடம்புல என்னமோ இருக்கு."

"பொறாமையில பேசுதே."

"ஆமா, பொறாமைதான். அதான் தெனமும் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். வீங்கியிருக்கு. கிளம்புங்க."

டாக்டரம்மா விரல்களை அழுத்திப் பார்த்தார், இமையில் லைட் அடித்துப் பார்த்தார். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதித்துவிட்டு லூபஸ் என்றார் (உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்). சிறுநீரில் புரதம் போகிறது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார். அபூர்வமாகச் சிலருக்கு இதோடு இமையும் நீளுமாம். நீண்ட இமை உள்ளவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டாம். கூடவே மூட்டுவலியும் கன்னச் சிவப்பும் இருந்தால் என்னைப்போல உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையில் (தாக்குதலை அடக்கும் மருந்து) முகம் உப்பியது, பிறகு வடிந்தது. விரல் மடங்கியது. நீண்ட இமைமுடியும் உதிர்ந்து பழையபடி ஆனது. நோய் என்று சொன்ன அன்று நான் அழவில்லை. இமைமுடி உதிர்ந்த அன்றைக்கு அழுதேன்.

இது முழுக்கப் போகாது, அடங்கித்தான் இருக்கும் என்கிறார்கள். இப்போது எனக்குக் காலம் என்பது அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும்தான். டாக்டரம்மா அந்தப் பரிசோதனையைத்தான் நம்பச் சொல்கிறார். செண்பகத்துக்கு அது போதாது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து இமையைப் பார்க்கிறாள்.

"வளரலக்கா."

எனக்கு மூச்சு வருகிறது. அவ்வளவு கிட்டத்தில் அவள் இமையும் தெரிகிறது. அறுபது தாண்டியும் அதில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. வாரா வாரம் நானும் பார்க்கிறேன்.