தூரமா?

தொண்ணூறுகளில் எங்கள் டவுணில் ஒரு மனிதன் காரணமில்லாமல் தெருவில் நடக்க முடியாது. கோயிலுக்கு நடக்கலாம், காய் வாங்க நடக்கலாம், செத்த வீட்டுக்குத் துட்டி கேட்க நடக்கலாம். உடம்பு நன்றாக இருப்பதற்காக நடக்கிறேன் என்று சொன்னால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் சேர்ந்துவிடும்.

எனக்குச் சுகர் என்று கண்டுபிடித்த பாளையங்கோட்டை டாக்டர், தினமும் நடக்க வேண்டும், இனிப்புப் பக்கமே போகக் கூடாது, ஜோடு இல்லாமல் தரையில் கால் வைக்கக் கூடாது என்றார். காலில் புண் வந்தால் ஆறாது என்று அவர் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். என் அண்ணனுக்கும் இதே வியாதிதான். வயலில் ஒரு கருவேல முள் குத்தியது. முள்தானே என்று விட்டுவிட்டார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனவள் இவள்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினோம். இறங்கும்போது, "படி இருக்கு, பைய இறங்குங்க" என்றாள்.

மறுநாளே வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கி வந்துவிட்டாள். வேட்டிக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒருவனுடைய காலை இரவல் வாங்கி ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

நாலு ரத வீதியையும் சுற்றி வருவது என்று திட்டம். வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் புறப்பட்டுப் போகிறவனை "எங்கே போகிறாய்?" என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் விளங்காது. அதனால், "என்ன அண்ணாச்சி, தூரமா?" என்று கேட்பார்கள். நான் "சும்மா" என்பேன். சும்மா என்றால் சொல்ல இஷ்டமில்லை என்று இங்கே அர்த்தம். வீட்டில் சண்டை என்று ஒருத்தர் முடிவு பண்ணினார். ஸ்கூட்டரை விற்றுவிட்டேன் என்று இன்னொருத்தர். போகிற வருகிற வண்டியெல்லாம் என் பக்கத்தில் வந்து நின்று, "ஏறுங்க அண்ணாச்சி, இறக்கி விட்டுருதேன்" என்றது. ஒரு நாள் டவுண் பஸ்ஸையே விசிலடித்து நிறுத்திவிட்டார் கண்டக்டர். உள்ளே இருந்த ஜனம் முழுவதும் என்னை முறைத்தது. வேறு வழியில்லாமல் ஏறினேன். ஜங்ஷன் வரைக்கும் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வீடு திரும்பினேன். அன்றைய நடைப்பயிற்சி அதோடு முடிந்தது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. வடக்கு ரத வீதி முனையில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்வாக் கடை வைத்திருந்தான். நான் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம்தான் அவனுக்குச் சட்டி இறங்கும். "என்னவே, தூரமா?" என்று கேட்டபடியே இலைத்துண்டில் நெய் வழிய வழிய நீட்டுவான்.

"எனக்குச் சுகர் வே" என்றேன்.

"ஒரு துண்டுல என்ன வந்துரப் போவுது? சூடா இருக்கையில தின்னா சீனி பூராவும் ஆவியாப் போயிரும்லா."

இந்த விஞ்ஞானத்தை மறுக்கிற அளவுக்கு என் நாக்குக்குப் படிப்பு கிடையாது. தினமும் தின்றேன். அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சுகர் ஏறியிருந்தது. "நடக்கச் சொன்னேனா, அல்வாக் கடைக்கு நடக்கச் சொன்னேனா?" என்று டாக்டர் கத்தினார். மனைவி கத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். எனக்கு அது டாக்டர் கத்தினதைவிடப் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தோடும் எரிச்சலோடும்தான் மறுநாள் நடந்தேன். வழியில் மூன்று பேர் வண்டியில் ஏறச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்திருந்தார்கள். அல்வாக் கடைக்காரன் இலையோடு, "என்னவே, தூரமா?" என்றதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஆமா வே, தூரந்தான். திருச்செந்தூர் வரைக்கும் நடக்கேன். போதுமா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல உள்ளே போனது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? முருகனுக்கு நேர்ந்துட்டு, அதுக்குத்தான் நடந்து பழகுதீரா? வெரதக்காரன்ட்ட போயி அல்வாவ நீட்டிக்கிட்டு இருந்திருக்கேனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் கிண்டலாகச் சொன்னேன் என்று விளக்க வாய் திறந்தேன். அல்வா உள்ளே போய்விட்டதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஊரே வேறு ஊராக இருந்தது. ஒரு வண்டிகூட என் பக்கத்தில் நிற்கவில்லை. டவுண் பஸ் எனக்கு ஒதுங்கி வழிவிட்டது. சாக்கடை மேல் மூடியில்லாமல் பல காலம் வாய் பிளந்து கிடந்த இடத்தில் தெருக்காரர்களே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். மழை என்று ஒரு நாள் வீட்டில் படுத்துக் கிடந்தேன், குடையோடு வந்து கதவைத் தட்டினார்கள். "அண்ணாச்சி இன்னும் கெளம்பலியா? சாமி காரியம்லா." கல்யாணப் பந்தியில் பாயச வாளியோடு வந்தவன் என் இலையைத் தாண்டிப் போனான். கூப்பிட்டேன். "ஒங்களுக்குக் கெடையாது, நீங்க திருச்செந்தூர் போறீயளாம்லா" என்றான். பக்கத்து இலைக்காரர் எனக்கும் சேர்த்து இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

எனக்கு உடம்பு இளைத்தது, மனைவி முகம் தெளிந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மா என் காலைப் பார்த்தாள்.

"நேந்துக்கிட்டவுக ஜோடு போட்டுட்டா நடப்பாவ?"

கேள்வி நாலு ரத வீதியையும் என்னைவிட வேகமாகச் சுற்றி வந்தது. மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தால், தெருவே ஈரமாகப் பளபளவென்று கிடந்தது. பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். என் வாசலில் தெருக்காரர்கள் விளக்குமாறோடு நின்றார்கள். முன்னால் அல்வாக் கடைக்காரன் நின்றான்.

"கழத்தும் வே. சுத்து பூராவும் பாத்தாச்சு. ஒரு கல்லு கெடையாது, ஒரு முள்ளு கெடையாது."

அவனுடைய கையெல்லாம் புழுதி. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து எனக்காகத் தெருப் பெருக்கியிருக்கிறான். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து பஸ் நிற்கும், பாயசம் வரும், இலையில் நெய் வழியும். சொல்லாவிட்டால் காலை வெறும் தரையில் வைக்க வேண்டும். டவுணில் நாலு தெருவைப் பெருக்கினார்கள் சரி, திருச்செந்தூர் வரைக்கும் யார் பெருக்குவது? ஆனாலும் அத்தனை விளக்குமாற்றுக்கு முன்னால் மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. குனிந்து ஷூவின் நாடாவைப் பிடித்தேன்.

"அதத் தொடாதீங்க."

மனைவி வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். ஊரார் முன்னால் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"இவுக அண்ணனுக்குக் காலு போனது எல்லாத்துக்கும் தெரியும். ஒரே ஒரு முள்ளு. இவுகளுக்கும் அதே சீக்குதான். முருகன்ட்ட நான் இவுக காலத்தான் கேட்டிருக்கேன். ஜோட்டக் கழத்தாம ஒங்க ஊருக்குக் கூட்டிட்டு வாரேன், ரெண்டு காலோட திருப்பித் தந்துரும்னு நேந்திருக்கேன். நேந்தது நானு. கழத்தச் சொல்லுதவுக எங்கிட்டச் சொல்லுங்க."

அவள் நிஜமாகவே நேர்ந்திருந்தாளா, அந்த நிமிஷம்தான் நேர்ந்தாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. பூக்கார அம்மா உட்கார்ந்து, என் கான்வாஸ் ஷூ இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கு ஒரு முழம் பிச்சிப்பூவைச் சுற்றிவிட்டாள். சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள். அதற்குள் என் கால் இருப்பதை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு போகாமல் இருக்க முடியுமா? தெருவே கூட வந்தது. ஆற்றை ஒட்டி நடந்து ஏரல் தாண்டுவதற்குள், வெறுங்காலோடு வந்த அல்வாக் கடைக்காரன் காலில் கொப்புளம் வந்து நொண்டினான். "நானும் ஜோட்டுக்கு நேந்திருக்கலாம் வே" என்று என் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். திருச்செந்தூரில் நான் உள்ளே போய்க் கும்பிட்டு வரும்வரை அந்த ஷூவுக்குக் காவல் இருந்ததும் அவன்தான். கடற்கரையில் மனைவி என் பாதத்தை மடியில் எடுத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல" என்றாள். அப்புறம் அழுதாள். நானும்தான் அழுதேன், அதிலென்ன.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வேண்டுதல் முடிந்துவிட்டது, இனி நான் சாதாரண மனிதன். வடக்கு ரத வீதி முனையில் சட்டி அப்போதுதான் இறங்கியிருந்தது. வாசம் வந்ததும் என் நாக்கு டாக்டரை மறந்தது, கடற்கரையையும் மறந்தது. அவன் இலைத்துண்டில் அல்வாவை வைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"என்னவே, தூரமா?"

"சும்மாதான் வே" என்று கையை நீட்டினேன்.

"சும்மாவா? காலையிலயே ஒங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போயிட்டாவளே. அடுத்தாப்புல பழனியாம்லா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

பழனி எங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரம். நீட்டின கையை மடக்கிக்கொண்டு நடந்தேன்.