ஆமை போட்ட கூரை

கணக்கு டீச்சராக மனோரமா திருத்தணிக்கு வந்து பதினோரு வருடமாகியிருந்தது. 1986இல் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது, சென்னையில் நடந்த பத்து நாள் பயிற்சிக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். திரையில் ஆமை என்ற பெயரில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தட்டினால் போதும், நகர்ந்து கோடு போடும். படம் வரைந்தபடியே பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடப் பழகிவிடலாம்.

ஊர் திரும்பியதும் அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. "எதனா ஆயிட்டா நீங்கதாம்மா பதில் சொல்லணும்" என்று தலைமையாசிரியர் சுந்தரமூர்த்தி அறையைப் பூட்டியே வைத்தார். நான்கு மாதத்தில் ஆறு முறைதான் திறந்தது. அந்த நிலையில்தான் கல்வித்துறையிலிருந்து கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார், ஆமையை வைத்து வீடு வரைந்து காட்ட வேண்டும்.

வியாழன் ஒத்திகையில் திரையில் சுவர் எழும்பியதுமே கரண்ட் போய்விட்டது. கூரையைப் போட்டுப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் அதிகாரி பிள்ளைகளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தார். சுவர் ஒழுங்காக வந்தது. கூரைக்குச் சமபக்க முக்கோணம். அதன் கோணம் அறுபது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள்! அறுபதையே தட்டினாள். கூரை கூடவில்லை, வாய் பிளந்த கிண்ணம் மாதிரி நின்றது. மறுபடி தட்டினாள். அதே கிண்ணம்.

"மெஷின் ரிப்பேரா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார், அப்படித்தான்" என்று சுந்தரமூர்த்தி முந்திக்கொண்டார்.

பேசாமல் இருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்புறம் அந்தக் கதவு திறக்கவே திறக்காது.

"மெஷின் சரியாத்தான் இருக்குதுங்க சார். தப்பு என்னுது" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து நின்றாள். "நான்தான் ஆமை. எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுங்க."

நாலடி நடந்தாள், ஆமைக்குச் சொன்ன அதே அறுபது டிகிரி திரும்பினாள். அம்மையார்குப்பத்து நெசவாளர் வீட்டுப் பெண் அம்சா எழுந்துவிட்டாள்.

"டீச்சர், இன்னும் முன்னாலயே பாத்துகினு இருக்கீங்க. அறுபது பத்தாதுங்க. பாதிக்கு மேல பின்னால திரும்பணும்."

மனோரமாவுக்குச் சட்டென்று உறைத்தது. அறுபது உள்ளே இருக்கும் கோணம். ஆமை திரும்புவதோ வெளியே இருக்கும் கோணம். நூற்றியெண்பதில் அறுபது போக நூற்றியிருபது. அம்சாவையே தட்டச் சொன்னாள். கூரை மூடிக்கொண்டது.

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு கிளம்பிப் போனார். மூன்று வாரம் மனோரமாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு உத்தரவு வந்தது: வாரம் மூன்று நாள் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்த வேண்டும்.

திங்கட்கிழமை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். இத்தனை பேரை எப்படிச் சமாளிப்பது என்ற பயத்தோடேயே சுவிட்சைப் போட்டாள்.